ஏழு புள்ளி இரண்டு

ஜூன் 11, செவ்வாய்

இந்த டைரி கோழி மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது. அட்டையில் சேவல் படம். முட்டைப் பண்ணையில் சேவலுக்கு வேலையே கிடையாது. கம்பெனிக்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இதுவரை ஒரு பக்கமும் எழுதவில்லை. இன்று நர்ஸம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

கோகிலாவுக்கு ஐந்தாம் மாதம். முதல் பிரசவம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்தார்கள். நர்ஸ் சாந்தாமணியம்மா அட்டையில் எழுதுவதற்கு முன் இரண்டு முறை பார்த்தார்.

"ஏழு புள்ளி ரெண்டு. பதினொண்ணாவது இருக்கோணும் கண்ணு. மாத்திரை சாப்புடறயா?"

"சாப்புடறேனுங்க."

"தெனமும்?"

"தெனமுங்க."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "சாப்பிடறாங்க" என்றேன். நான் பார்த்ததில்லை.

"எங்க வேல பாக்கறீங்க தம்பி?"

"கோழிப் பண்ணைல சூப்பர்வைசருங்க."

"கோழிக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டீங்கன்னு எழுதி வெக்கறீங்கல்ல? அதே மாதிரி ஊட்டுலயும் எழுதி வையுங்க."

எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12

நர்ஸம்மா சொன்ன முறை: இரும்புச்சத்து மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. சுண்ணாம்புச்சத்து மாத்திரை மதியம். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது, ஒன்றை ஒன்று ஏற விடாது. முன்னும் பின்னும் டீ, காபி, பால் ஆகாது. எலுமிச்சம்பழத் தண்ணீர் நல்லது.

காலை மாத்திரை கொடுக்கப்பட்டது. மதியம், நான் பண்ணையில் இருந்ததால் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். இரவு கொடுக்கப்பட்டது.

நாலாவது ஷெட்டில் கோழிகளுக்கு மூச்சிரைப்பு. தண்ணீரில் வைட்டமின் கலந்து விட்டோம்.

ஜூன் 13

கொடுக்கப்பட்டது.

ஜூன் 14

கொடுக்கப்பட்டது.

ஜூன் 19

கொடுக்கப்பட்டது. மாடிப்படி ஏறும்போது கோகிலா நடுவில் நின்றாள். ஏன் என்று கேட்டேன். "காத்தாட நிக்கறேனுங்க" என்றாள். படியில் காற்று வருவதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அம்மா இன்று முழுவதும் கறிவேப்பிலைச் செடியைப் பற்றிப் பேசினார். பின்வாசல் செடி. மூன்று வருடமாகக் குச்சியாக நின்றது, இந்த வருடம் தழைத்துவிட்டது. தான் ஊற்றிய புளித்த மோர்தான் காரணம் என்று பக்கத்து வீட்டுக்கு இரண்டு கொத்து பறித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாத்திரை கொடுக்கப்பட்டது.

ஜூலை 2, செவ்வாய்

ஏழு புள்ளி பூஜ்யம்.

நர்ஸம்மா கோபப்படவில்லை. பிரஷர் பார்த்தார், எடை பார்த்தார், பசி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டார். அப்படியே, "வெளிக்கு எப்பிடிக் கண்ணு போகுது? எப்பவும் போலத்தான?" என்றார்.

"ஆமாங்க. எப்பவும் போலத்தானுங்க."

"நெறம்?"

"அது... எப்பவும் இருக்கற நெறந்தானுங்க."

நர்ஸம்மா பேனாவை மூடி வைத்தார். "இந்த மாத்திரைய ஒரு வாரம் முழுங்கினாப் போதும் கண்ணு, வெளிக்குக் கறுப்பாத்தான் போகும். எல்லாருக்கும். மந்திரி வூட்டுப் பொண்ணா இருந்தாலும்."

கோகிலா தரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். புதிதாக டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றலாம் என்றார். கோகிலா வேண்டாம் என்றாள். மாத்திரையே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார். வெளியே வந்ததும் என்னை மட்டும் கூப்பிட்டு, "ஏழுக்குக் கீழ போச்சுன்னா நான் இங்க வெச்சுப் பாக்க முடியாது தம்பி. பெரிய ஆஸ்பத்திரிதான். பிரசவத்துல ஒரு சொம்பு ரத்தம் போனாத் தாங்கறதுக்கு ஒடம்புல இருக்கோணுமில்ல?" என்றார்.

இருக்கோணும் என்றேன்.

ஜூலை 3

கோகிலா சொல்லிவிட்டாள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் திரும்பியதும் பின்வாசலுக்குப் போய்த் துப்பியிருக்கிறாள். கறிவேப்பிலைச் செடிக்கு அடியில். நான் பார்க்க ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே, இரண்டு மாதமாக. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. மோர் என்றே இருக்கட்டும்.

ஏன் என்று கேட்டேன். குமட்டுகிறது, இரும்பு வாடை அடிக்கிறது என்றாள். சரி, எலுமிச்சம்பழம் வாங்கி வருகிறேன் என்றேன்.

பண்ணையில் இன்று இரண்டு கோழி விழுந்துவிட்டது. தீவனத்தில் சுண்ணாம்புச்சத்துக்குப் போடும் கிளிஞ்சல் குறைந்தால் கோழி உடனே முட்டையை நிறுத்தாது. தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு செய்யும். முட்டை நன்றாகவே இருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் காலை மடித்துக் கூண்டில் உட்கார்ந்திருக்கும். பிறகு எழாது. பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். இதுவரை கிளிஞ்சல் ஒரு நாள் தவறியது இல்லை என் ஷெட்டில்.

தீவனம் கலக்குபவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

ஜூலை 4

எலுமிச்சம்பழம் ஆறு வாங்கினேன். கோகிலா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வாயில் போடவில்லை. காரணம் குமட்டல் இல்லை போலிருக்கிறது.

அம்மாவைக் கேட்டேன், நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று.

"நான் என்னத்தச் சாமி சொல்லப் போறேன்? சத்து மாத்திரை தின்னாப் புள்ள கறுத்துப் பொறக்கும்னு ஊருல சொல்லுவாங்க. அதச் சொன்னேன். சாப்புடாதேன்னா சொன்னேன்?"

அம்மாவிடம் சத்தம் போட்டேன். இரண்டு நாளில் இரண்டு பேரிடம். அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஜூலை 5

கோகிலா தானாகவே பேசினாள். துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"அத்தையத் திட்டாதீங்க. அவங்க சொல்லி நான் நிறுத்தலீங்க."

"பின்ன?"

"நாலாம் மாசம் ஸ்கேன் எடுத்துட்டு வந்த அன்னிக்கு, உங்க சித்தப்பா பையன்கிட்டப் போன்ல பேசுனீங்க. நான் மாடில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். 'பொண்ணாப் பொறந்து இவ கலர்ல வந்துட்டாக் கஷ்டம்டா. மாப்பிள்ள தேடி நானும் நாலு ஊரு அலையோணும்'னு சொன்னீங்க. சொல்லிட்டுச் சிரிச்சீங்க."

சட்டையை மடித்தாள். என் சட்டை.

"உங்களுக்கு முன்னாடி என்னையப் பாக்க நாலு வூட்டுல வந்தாங்க. ஒருத்தர் காப்பியக்கூடக் குடிக்கலீங்க. அதெல்லாம் எம்பட புள்ளைக்கு வேண்டாங்க. ரத்தம் கம்மியா இருந்தா எனக்குத்தான?"

நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

ஜூலை 6

நினைவு இருக்கிறது.

ஜூலை 8

நர்ஸம்மா வீட்டுக்கே வந்தார். விஷயத்தை வாசலில் வைத்து நான்தான் சொன்னேன், நான் போனில் சொன்னதையும் சேர்த்து. அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

உள்ளே போய்க் கோகிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இரும்பு மாத்திரைல புள்ள கறுக்குமுன்னா, கீரை தின்னவங்களுக்கெல்லாம் பச்சையாப் பொறக்கோணும் கண்ணு. நெறம் அப்பன் ஆயிகிட்டருந்து வர்றது. மாத்திரைலருந்து ரத்தந்தான் வரும்."

கோகிலா சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் மாத்திரையை எடுக்கவில்லை.

"ரத்தம் கம்மியா இருந்தா எனக்குத்தானன்னு கேட்டயாமா? உனக்கு மட்டும் இல்ல. புள்ளைக்கும் எடை ஏறாது, மாசத்துக்கு முன்னாடியே பொறக்கும். அப்பறம் நீ இல்லாமப் போனா, அந்தப் புள்ளயக் கறுப்பின்னு எவனாச்சும் சொன்னா எந்திரிச்சுக் கேக்கறதுக்கு ஆளு வேணுமில்ல? இவரு கேப்பாரா?"

இவர் என்றது என்னை. நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

ஜூலை 9

மெடிக்கலில் அதே மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன். காலையில் கோகிலா எதிரில் நானும் ஒன்று விழுங்கினேன்.

"உங்களுக்கு எதுக்குங்க?"

"கறுக்குதான்னு பாக்கலாம்" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாலையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்குப் போன்ல அதைச் சொன்னேன்" என்றேன்.

"தெரியுமுங்க."

"சொல்லியிருக்கக் கூடாது."

அவள் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. பிறகு முறத்தை என் பக்கம் பாதி நகர்த்தினாள். அரிசியில் கல் அதிகம் இல்லை.

ஜூலை 10

நானும் விழுங்கினேன். அவள் விழுங்கவில்லை.

ஜூலை 12

நான் மட்டும்.

ஜூலை 13

மூன்று நாளாக வெளிக்குச் சரியாகப் போகவில்லை. நர்ஸம்மா சொன்ன நிறம் உறுதி செய்யப்பட்டது.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் நான் கழிப்பறையில் இருந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே கோகிலா வெந்நீரும் இரண்டு வாழைப்பழமும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் எத்தன நாளைக்குங்க முழுங்குவீங்க?"

"நீ முழுங்கற வரைக்கும்."

அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "கறுக்கலீங்க" என்றாள். "மூஞ்சிதான் ஒரு மாதிரி இருக்குது."

பிறகு மாத்திரையை எடுத்து, எலுமிச்சம்பழத் தண்ணீரோடு விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். நான் கேட்கவில்லை, அவளாகவே காட்டினாள்.

ஜூலை 16, செவ்வாய்

முதல் ஊசி. இந்த முறை கோகிலா வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டிலில் கலந்து கையில் ஏற்றினார்கள். அரை மணி நேரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் ஐந்து. ஊசி முடிந்தபின் மாத்திரை தொடர வேண்டும். நானும் மாத்திரை சாப்பிட்டதைக் கோகிலா நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு எதுக்குங்க தம்பி இது? கண்டதையும் முழுங்கி வெக்காதீங்க. மிச்சத்தக் கொண்டாங்க."

மிச்சம் நாலு மாத்திரை இருந்தது. கொடுத்துவிட்டேன்.

ஜூலை 24

ஐந்தாவது ஊசி முடிந்தது. வண்டியில் திரும்பும்போது வேகத்தடை ஒவ்வொன்றிலும் நிறுத்திக் கோகிலாவை இறக்கி ஏற்றினேன். பதினொரு வேகத்தடை. ஏழாவதில் கோகிலா, "நான் நடந்தே போயர்றேனுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எட்டு புள்ளி ஆறு.

முதலாளி பண்ணைக்கு வந்தார். முட்டை குறைந்திருப்பது ஏன் என்று கேட்டார். எட்டு புள்ளி ஆறு என்று சொல்லிவிட்டேன். பிறகு திருத்திச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20

கொடுக்கப்பட்டது என்று எழுத வேண்டியதில்லை, அவளே எடுத்துக்கொள்கிறாள். மாடிப்படியில் நிற்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

வளைகாப்பு. போன வாரம் ஒன்பது புள்ளி எட்டு.

என் பெரிய அத்தை ஒரு சின்ன டப்பாவில் குங்குமப்பூ கொண்டுவந்திருந்தார். எல்லார் முன்னாலும் பாலில் போட்டுக் கலக்கி, "இதக் குடிச்சாப் புள்ள செவச்செவன்னு பொறக்கும். அம்மாளப் போல இல்லாம" என்று நீட்டினார். பெண்கள் சிரித்தார்கள். கோகிலாவின் கை நிறைய வளையல். டம்ளரை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

நான் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று உள்ளே வந்தேன். அதற்குள் அம்மா டம்ளரை வாங்கிவிட்டார்.

"அவ மாத்திரை முழுங்கி அரை மணி நேரங்கூட ஆகல. பால் குடிக்கக் கூடாது. நர்ஸம்மா சொல்லிருக்காங்க."

"ஒரு மொடக்குல என்ன ஆயிரும்?"

"எனக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா? பூபதியப் பெத்துட்டு மூணு மாசம் எந்திரிக்காமக் கெடந்தேன். சோகைன்னாங்க. எனக்கு அன்னிக்கு ஒரு மாத்திரை குடுக்க ஆளில்ல." அம்மா அந்தப் பாலைத் தானே குடித்துவிட்டார். "நல்லாத்தான் இருக்குது. நான் செவந்துக்கறேன்."

என்னைப் பெற்றுவிட்டு அம்மா மூன்று மாதம் படுத்திருந்தது எனக்கு இதுவரை தெரியாது. எனக்கு முப்பத்திரண்டு வயது.

பந்தியில் எலுமிச்சம்பழச் சாதம் தீர்ந்துபோனது. மற்றபடி குறையில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

பத்து புள்ளி நாலு. நர்ஸம்மா அட்டையில் எழுதிவிட்டு அடியில் இரண்டு கோடு போட்டார். பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆரம்பத்தில் குறைந்திருந்ததால் எச்சரிக்கைக்கு.

அக்டோபர் 7, திங்கள்

காலை 6.10 வலி. 108 வந்தது. 7.00 ஆஸ்பத்திரி. அம்மாவும் கூட.

11.20 பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. நர்ஸ் வெளியே கொண்டுவந்து காட்டினார். அம்மா வாங்கிக்கொண்டார்.

11.40 உள்ளே ஆட்கள் ஓடினார்கள். கர்ப்பப்பை சுருங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டர் சொன்னார். கையெழுத்து வாங்கினார்கள். ரத்தம் இரண்டு பை ஏற்ற வேண்டும் என்றார்கள்.

காத்திருந்தேன்.

12.35 நின்றுவிட்டது என்றார்கள்.

அக்டோபர் 8

கோகிலா கண் திறந்து தண்ணீர் கேட்டாள். ரத்தம் எட்டு புள்ளி ஒன்று. நேற்று அவ்வளவு போன பிறகும் எட்டு.

காலை ரவுண்டில் டாக்டரம்மா பழைய அட்டையைப் புரட்டினார். வயது நாற்பது இருக்கும், தூங்காத கண். "ஜூன் மாசம் இருந்த ஏழோட நேத்து வந்திருந்தாங்கன்னா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இட்லி குடுங்க. மெதுவாக் குடுங்க" என்றார்.

மூன்று இட்லி சாப்பிட்டாள். நாலாவது கேட்டாள்.

அக்டோபர் 10

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் குழந்தையின் காதைப் பார்க்கிறார்கள். காதின் நிறத்தில்தான் குழந்தையின் நிறம் தெரியுமாம். பெரிய அத்தையும் பார்த்தார். துணியை விலக்கி இரண்டு காதையும் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, புள்ள யாரு கலரு?" என்றார்.

"எம்பட கலருங்க" என்றாள் கோகிலா. உட்கார்ந்தபடியே, நேராகப் பார்த்து. "நல்லாப் பாத்துக்கங்க."

பெரிய அத்தை கொண்டுவந்த ஆப்பிளை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அக்டோபர் 14, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. இரும்புச்சத்து மாத்திரை இன்னும் ஆறு மாதம், சுண்ணாம்புச்சத்தும் அப்படியே. பால் கொடுப்பதால் இப்போதுதான் அதிகம் வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார்.

பண்ணைக்கு நாளை போக வேண்டும். மதியம் அம்மா தூங்கினார். குழந்தையும் தூங்கியது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து கொசுவலையில் இருந்த ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க."

"சொல்லு."

"அன்னிக்கு உள்ள எனக்கு மயக்கமா இருந்துச்சு. ஆனா காது கேட்டுச்சுங்க."

ஊசியில் நூல் கழன்றுவிட்டது. கோர்த்தேன்.

"வராண்டாவுல தரைல விழுந்து டாக்டரம்மா காலப் புடிச்சீங்களாமா. அத்தை சொன்னாங்க. 'எம்பட ரத்தம் பூராத்தையும் எடுத்துக்கங்க, எனக்கு எதுவும் வேண்டாம், அவளக் குடுங்க'ன்னு கத்துனீங்க. அது அத்தை சொல்லலீங்க, எனக்கே கேட்டுச்சு. கதவச் சாத்துன பின்னாடியும் கேட்டுச்சு."

மின்விசிறி சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும்.

"அதக் கேட்டுட்டே படுத்திருந்தேன்" என்றாள். "தூங்கக் கூடாது, கேட்டுட்டே இருக்கோணும்னு."

குழந்தை அழுதாள். பசி. எடுத்துக் கொடுத்தேன்.